நாற்பது பெட்டிக்கு ஒரு சான்றிதழ்

பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஜிப் கோப்பைக் கணினியின் வட்டில் பிரித்துப் பரப்புவது நவீன்குமாருக்கு ஆகவே ஆகாது. ஆயத்த நிரல் நூலகம் ஒன்றின் துணையால் உள்ளிருப்பவற்றை நினைவகத்திலேயே பிரிப்பார். வேலை முடிந்ததும், பந்தி இலையை எடுப்பதுபோல் துடைத்துவிடுவார். மூக்கண்டப்பள்ளியின் அந்த உதிரிபாகத் தொழிற்சாலையில் அவருடைய கணினியைப்போலச் சுத்தமான இடம் வேறில்லை.

அன்று பதினோரு மணிக்கு, தரப்பிரிவு அனுப்பிய ஜிப் கோப்பிலிருந்து நாற்பது சோதனைச் சான்றிதழ்கள் வரவேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று வந்தது. பெட்டிக்கு ஒன்று அச்சாகாமல் வாசலில் நிற்கும் லாரி கிளம்பாது. பன்னிரண்டுக்குள் கிளம்பாவிட்டால் பெங்களூருக்காரர்கள் சரக்கையே வேண்டாம் என்பார்கள்.

தரப்பிரிவு ஜெயமணியைத் தொலைபேசியில் அழைத்தார்.

“என்னம்மா, நாப்பது கேட்டா ஒண்ண அனுப்பியிருக்கீங்க?”

“நாப்பதும் இருக்கு சார். பெட்டிக்கு ஒரு ஃபோல்டர் போட்டிருக்கேன்.”

“அப்ப மீதிய என் கம்ப்யூட்டர் முழுங்கிருச்சா?”

“அத நீங்கதான் அதுகிட்ட கேக்கணும்.”

ஜெயமணி மீண்டும் அனுப்பினார். மீண்டும் ஒன்றே வந்தது. நினைவகம் போதவில்லையோ என்று பக்கத்துக் கணினியின் நினைவகச் சில்லான ராமைக் கழற்றித் தம்முடையதில் பொருத்தினார் நவீன்குமார். மூக்குக் கட்டிய நாரைக்குப் பெரிய குளம் காட்டிய கதையாக, அதே ஒற்றைச் சான்றிதழ் இன்னும் வேகமாக வந்து நின்றது. ராமை இழந்த பக்கத்துக் கணினியோ இயங்கவே இல்லை. அச்சு இயந்திரம் அதில்தான் இணைந்திருந்தது.

‘தரப்பிரிவில் சோதனையே நடக்கவில்லை’ என்று மேலாளருக்கு எழுதினார். ஏற்றிய பெட்டிகளை இறக்கி மறுபடி சோதிக்கும்படி உத்தரவு வந்தது. அதன் பின்னாலேயே ஜெயமணியும் வந்தார்.

“பதினாலு வருசத்துல ஒரு பெட்டி திரும்பி வந்ததில்ல. என் வேலைக்கே உலை வெச்சிட்டீங்களே சார்! ஒரே ஒரு தடவ வெளிய பிரிச்சுப் பாருங்க.”

வேண்டா வெறுப்பாகப் பிரித்தார். திரையில் நாற்பது கோப்புறைகள் விரிந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ‘சான்றிதழ்’ என்ற அதே பெயரில் ஒரு கோப்பு. கோப்புறையின் பெயரை விட்டுவிட்டு, கோப்பின் பெயரை மட்டுமே வைத்து நினைவகத்தில் அடுக்கியிருந்தது அவருடைய நிரல். பின்னால் வந்தது முன்னால் வந்ததைத் தள்ளிவிட்டு உட்கார, கடைசியாக வந்தது மட்டும் மிஞ்சியிருந்தது.

நவீன்குமார் அப்போதும் விடவில்லை.

“எல்லாத்துக்கும் ஒரே பேரா! இப்படி வெக்கச் சொன்ன புத்திசாலி யாரு?”

பெட்டிகளை ஏன் இறக்குகிறார்கள் என்று கேட்க வந்து கதவோரம் நின்றிருந்த லாரி ஓட்டுநர் திம்மராயன் தொண்டையைச் செருமினார்.

“எல்லா ஃபைலுக்கும் ‘சான்றிதழ்’னு ஒரே பேருதான் வெக்கணும்னு கேட்டுல நோட்டீஸு ஒட்டியிருக்கு சார். நிக்கிற நேரத்துல மூணு தடவ படிச்சிட்டேன். கீழ கையெழுத்து உங்களுது.”

தவறு தம்முடையதே என்று மேலாளருக்கு எழுதிவிட்டு, ராமைத் திருப்பி மாட்டி, நிரலைத் திருத்தி, நாற்பதையும் அச்சிட்டார் நவீன்குமார். “மன்னிச்சிருங்கம்மா” என்று ஜெயமணியிடம் சொன்னவர், சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறக்கிய பெட்டிகளை ஒவ்வொன்றாக லாரியில் ஏற்றத் தொடங்கினார்.