மகேஸ் அக்கா மாட்டின் இளங்கொடி

வெள்ளைக் கோட்டுப் போட்டு நுணுக்குக்காட்டிக்கு முன்னால் உட்காருகிறவளுக்கு மரம் ஏறவும் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் நான் கணக்கியல் படித்திருப்பேன்.

என் ஆராய்ச்சி கெரற்றின் என்ற புரதத்தைப் பற்றியது. நம் தலைமுடி, நகம், மாட்டின் கொம்பு எல்லாம் அதனால் ஆனவைதான். இரத்தக்குழாயின் உட்சுவரில் உள்ள உயிர்க்கலங்களுக்கு அது தேவையில்லை, ஆகவே அதற்குரிய மரபணுக்கள் அங்கே உறங்க வேண்டும். உண்மையிலேயே உறங்குகின்றனவா, இல்லை உறங்குவதுபோல் பாசாங்கு பண்ணுகின்றனவா என்று பார்ப்பதே என் வேலை. (இதற்கும் காசு தருகிறார்களா என்று பெரியப்பா கேட்டார். ஓம் என்றேன். அவர் இன்னும் நம்பவில்லை.)

அந்தக் கலங்களை எடுக்க நல்ல இடம் தொப்புள்கொடி. மாடு கன்று போட்ட கையோடு கொடியில் ஒரு சாண் துண்டு கிடைத்தால் போதும். ஆனால் நான் ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்கள் எல்லாம் பூஞ்சணம் பிடித்துச் செத்துக்கொண்டிருந்தன. கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துகிற என் மேற்பார்வையாளர், "இந்த முறையும் சரிவராட்டி வேற தலைப்புப் பாப்பம்" என்று மிக மெல்லமாகச் சொல்லிவிட்டார். அதுவரை பட்ட பாடெல்லாம் குப்பைக்குள் என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்து ஸ்கந்தபுரத்தில் பெரியம்மாவின் பசு கன்றுத்தாய்ச்சியாக நின்றது. ஒரு நாள் காலை போன் வந்தது. ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து ஸ்கூட்டியில் பறந்தேன்.

"வா பிள்ளை, நாகு கண்டு" என்று, பெட்டைக்கன்று பிறந்த சந்தோசத்தில் பெரியம்மா வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"இளங்கொடி எங்க பெரியம்மா?"

"அது அப்பவே விழுந்திட்டுது. பெரியப்பா கொண்டுபோய்க் கட்டிப்போட்டு வந்திட்டார்."

கன்றுக்குப் பின்னால் தொப்புள்கொடியோடு சேர்ந்து விழுகிற இளங்கொடியை எங்கள் பக்கத்தில் புதைப்பதில்லை. வைக்கோலோடு உரப்பையில் கட்டி, பால் வடிகிற மரத்தில் உயரத் தொங்கவிடுவார்கள். மரத்தில் வடிகிற மாதிரி மாட்டிலும் பால் சுரக்குமாம். பிறத்தியார் கை பட்டால் சுரந்ததும் வற்றிப்போகுமாம்.

"ஒரு சாண் மட்டும் வெட்டி எடுக்கட்டே?"

"விசர்க்கதை கதையாதை! தொட்டியெண்டால் தெரியும். கண்டைப் பாத்திட்டுப் பேசாமல் போ."

கன்றைப் பார்த்தேன். பேசாமல், ஊரார் வழக்கமாக இளங்கொடி கட்டுகிற குளக்கட்டடி ஆலமரத்துக்குப் போனேன்.

மரத்தில் காய்ந்து கருவாடான பைகள் பல தொங்கின. ஒன்றுதான் புதிது, அடியில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. இதைவிடத் திறமான சான்று ஒரு விஞ்ஞானிக்கு வேண்டுமா? ஏறினேன். பாதி வழியில் சுரிதார் கிழிந்தது, மீதி வழியில் முசுறு எறும்பு கடித்தது. கிளையில் குந்தி, கையுறை மாட்டி, பையை அவிழ்த்து, கொடியை இழுத்து வெட்டிப் போத்தலுக்குள் போட்டேன். அப்படியே பரிசு வாங்கப் போகிறவள்போல ஒரு பூரிப்பு.

"ஆரடி அது மரத்தில?"

கீழே பெரியம்மாவின் எதிர்வீட்டு மகேஸ் அக்கா.

"நான்தான் அக்கா, சுகி. பெரியம்மான்ர மாட்டு இளங்கொடியில சும்மா கொஞ்சம்..."

"பெரியம்மான்ரயோ? ஐயோ, அது ராத்திரிக் கண்டு போட்ட என்ர மாட்டின்ரயடி! விடியத்தான் கட்டினனான்!"

(முழங்கால் நோக்காடு பிடித்த பெரியப்பா குளக்கட்டுவரை நடக்கவே இல்லை. வளவுக்குப் பின்னால் நின்ற பாலைமரத்தில் கட்டிவிட்டு வந்திருக்கிறார். அதிலும் பால் வடியும்தானே.)

மகேஸ் அக்கா போட்ட சத்தத்தில் குளத்தில் குளித்தவர்கள் ஈரத்தோடு வந்தார்கள். வயலில் நின்றவர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். "பால் களவெடுக்கவோ பெறாமகளைக் கம்பசுக்கு அனுப்பினவை?" என்று ஒருவர் கேட்டார். இரத்தக் கையோடு கிளையில் இருந்தபடி நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன்.

"அக்கா, தலைமயிரில இருக்கிற ஒரு சாமான் இரத்தக்குழாயிலயும் இருக்கோ எண்டு பாக்கிறன்."

"அப்ப என்ர மாட்டின்ர இரத்தத்துக்குள்ள மயிர் முளைக்கப்போகுதோ?"

"இல்லையக்கா, இருந்தால் அது ஏற்கனவே..."

அந்த 'ஏற்கனவே'யைச் சொல்லியிருக்கக் கூடாது. மகேஸ் அக்கா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். "அந்தப் பாலை வித்துத்தானே என்ர பெட்டையள் ரெண்டும் படிக்குதுகள்" என்று அழுதார். எனக்கு மரத்திலேயே ஒட்டிக்கொண்டு இருந்துவிடலாம் போலிருந்தது. நல்லகாலம், பெரியம்மா ஓடிவந்தார். "அழாதை மகேஸ். உன்ர மாட்டில பால் குறைஞ்சால் என்ர மாட்டுப் பாலைத் தாறன்" என்று ஊருக்கு முன்னால் வாக்குக் கொடுத்தார். பிறகு என்னை அண்ணாந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு முசுறு பரவாயில்லை.

வெட்டிய துண்டால் பலன் இருந்ததா என்று கேட்காதீர்கள். மேற்பார்வையாளர் நுணுக்குக்காட்டியில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கெரற்றின் இருக்கோ தெரியாது. எறும்பின்ர கால் இருக்கு" என்றார். மிக மிக மெல்லமாக.

அதைவிடப் பெரிய கவலை எனக்கு மகேஸ் அக்காவின் மாடு. காலையில் கண் விழித்தவுடன் பெரியம்மாவுக்குப் போன் எடுத்து, "பால் எப்பிடி?" என்று கேட்பேன். டக்கென்று போனை வைத்துவிடுவார். கடைசியில் பெரியப்பாதான் உடைத்துச் சொன்னார். மகேஸ் அக்காவின் மாடு முந்தின ஈற்றைவிட இரண்டு மடங்கு கறக்கிறதாம். யார் கையும் படாத பெரியம்மாவின் மாட்டில், கன்று குடித்தால் வீட்டுக்கு மிச்சமில்லையாம்.

ஊர் முடிவுகட்டிவிட்டது. நான் வெட்டினால் பால் பெருகும். அதன்பிறகு ஸ்கந்தபுரத்தில் எந்த மாடு கன்றுக்கு நின்றாலும் எனக்குப் போன் வந்தது, "பிள்ளை, கத்திரிக்கோலோட கெதியா வா" என்று. மரம் ஏற வைக்காமலே, கோழி இறைச்சியும் சோறும் தந்து, கொடியும் தந்தார்கள். என் ஆராய்ச்சி பிழைத்தது அப்படித்தான். மரபணுக்கள் உறங்குகின்றனவா என்பதற்கு என் ஆய்வேட்டில் விடை இருக்கிறது, யாரும் வாசிப்பதில்லை.

பெரியம்மா மட்டும் மன்னிக்கவில்லை. ஊருக்கு முன்னால் கொடுத்த வாக்குப் பலித்து, தன் மாட்டுப் பால்தான் மகேஸ் அக்காவின் மாட்டுக்குப் போய்விட்டது என்பது அவர் எண்ணம். இன்றைக்கும் அவர் வீட்டுக்குப் போனால் எல்லாருக்கும் கடைப் பால்மா போட்ட பால் தேத்தண்ணி, எனக்கு மட்டும் பிளேன் ரீ. முதல்தரம் நான் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தபோது, "பால் வேணுமெண்டால் உன்ர மகேஸ் அக்கா வீட்ட போய்க் குடி" என்றார். எனக்கும் ரோசம் வந்து போனேன். மகேஸ் அக்கா பெரிய கோப்பையில் ஆடை மிதக்க மிதக்கத் தந்தார். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பெரியம்மா படலை வாசலில் நிற்கிறார்.

"எப்பிடியடி இருந்தது, எங்கட பால்?"