செகண்ட் கியர் அண்ணன் பக்கத்து சீட்டில் இருந்த ஆறு மாதம்

அன்றைக்கு ஜீப்பில் இருந்தது நான்கு பேர். யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாராவது 'அப்படியெல்லாம் நடக்கவே இல்லை' என்று கிளம்பிவிட்டால்? எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் சார், டிஸ்பென்சரி நர்ஸ் ஸ்டெல்லாக்கா, சோலூரில் வர்க்கி பிஸ்கட் போட்டு ஊட்டிக் கடைகளுக்குக் கொடுக்கிற நான், சோலூருக்கும் ஊட்டிக்கும் ட்ரிப் அடிக்கிற அந்த ஜீப்பின் சொந்தக்காரரும் டிரைவருமான செகண்ட் கியர் அண்ணன். சட்டத்துக்கு அவரைப் போல பயந்த மனிதர் நீலகிரி மலையிலேயே வேறு யாரும் கிடையாது. பிடிபட்டதும் அவர்தான்.

கல்லட்டி இறக்கத்தில் 'இரண்டாவது கியரில் செல்லவும்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அந்த இறக்கத்துக்கு மட்டும் சொன்னதை அண்ணன் வாழ்க்கை முழுமைக்கும் எடுத்துக்கொண்டார். ஏற்றம், இறக்கம், மார்க்கெட் வாசல் எல்லாவற்றுக்கும் செகண்டுதான். ஒரு முறை சவ ஊர்வலம் ஒன்று எங்களை ஓவர்டேக் செய்தது. அண்ணன் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டு, "அவசரம் பாருங்க அவங்களுக்கு" என்றார். 'யானைகள் கடக்கும் பகுதி' என்று போர்டு இருந்தால் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, யானை இல்லை என்று எங்களுக்கும் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.

எனக்கு அந்த ஜீப்தான் பிடிக்கும். பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் உயிர் தொண்டைக்கு வந்துவிடும் ஆள் நான். எட்டாவதோடு படிப்பை விட்டவன். பயப்படுவதை மட்டும் விடவில்லை.

அன்றைக்குப் பைக்காராவில் ஒரு காதுகுத்து. பிரியாணி சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பினோம். கொஞ்ச தூரம் வந்ததும் ஸ்டெல்லாக்கா என் தோளைத் தட்டினார்.

"தம்பி, அண்ணன் என்ன பண்றாருன்னு பாரு."

பார்த்தேன். மூன்றாவது கியர்!

"அண்ணா, உடம்புக்கு எதும் முடியலீங்களா?" என்றேன்.

"ஏந்தம்பி, நல்லாத்தான இருக்கறேன்" என்று சிரித்தார். சிரிப்பில் லேசாக வாசனை வந்தது.

தலைகுந்தாவுக்குப் பக்கத்தில் போலீஸ் எல்லா வண்டியையும் நிறுத்தி ஊதச் சொல்லிக்கொண்டிருந்தது. அங்கே நின்ற இளம் போலீஸ்காரருக்கு அண்ணனைத் தெரியும். "நீங்க எதுக்குங்கண்ணா, போங்க" என்று கையை ஆட்டினார். போயிருக்கலாம். அண்ணன் போகவில்லை. எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கி நின்றார்.

"அதெப்படிங்க? சட்டம் எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்களே. எனக்கும் குடுங்க."

மற்றவர்கள் குழந்தை முகத்தில் ஊதுவது போல ஊதிவிட்டுப் போனார்கள். அண்ணன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அடுப்பு ஊதுகிறவர் மாதிரி ஊதினார். மெஷின் கத்தியது. போலீஸ்காரர் மெஷினைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மறுபடி மெஷினைப் பார்த்தார். பெற்ற அப்பாவைப் பிடித்துவிட்டது போல இருந்தது அவர் முகம்.

"ரெண்டே டம்ளர்தானுங்க" என்றார் அண்ணன். "நாமதான் மெதுவா ஓட்டற ஆளாச்சே, ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சுட்டனுங்க."

கோர்ட்டில் பத்தாயிரம் அபராதம். மறு பேச்சில்லாமல் கட்டினார். ஆர்.டி.ஓ. ஆபீஸில் லைசென்ஸ் கார்டை வாங்கி உள்ளே வைத்தபோதுதான் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே இருந்தவர் பொறுமையாகச் சொன்னார்: "ஆறு மாசத்துக்கு ஸ்டியரிங்கத் தொடக்கூடாதுங்க. நடுவுல ஓட்டி மாட்டுனா லைசென்ஸே மொத்தமாப் போயிரும்." அண்ணனுக்கு வேறு தொழில் தெரியாது. எங்களுக்கும் வேறு வண்டி கிடையாது.

அந்த ஜீப்பில் போகிறவர்களில் லைசென்ஸ் இருந்தவன் நான் ஒருவன்தான். என்றைக்கோ ஒரு நாள் தைரியம் வந்தபோது எடுத்தது. அந்த நாளுக்குப் பிறகு தைரியமும் வரவில்லை, வண்டியையும் தொடவில்லை.

"தம்பி, நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றார்.

மறுநாள் காலை ஜீப்பின் முன்கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அவர் கையெழுத்து: 'குடித்துவிட்டு ஓட்டியதால் உரிமையாளரின் லைசென்ஸ் ஆறு மாதம் நிறுத்தம். ஓட்டுபவர் வேறு நபர்.' படித்தவர்கள் முதலில் அவரைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். இரண்டு பேர் இறங்கி நடந்தே போய்விட்டார்கள்.

"ஊருக்கெல்லாம் எதுக்கு அண்ணா தெரியணும்?"

"ஏறறவங்களுக்கு யாரு ஓட்டறதுன்னு தெரிய வேண்டாமா?"

நான் ஓட்டினேன். செகண்ட் கியரே எனக்கு வேகம். ஒவ்வொரு வளைவிலும் எனக்கு வேர்க்கும். கிளார்க் சார் கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்து சீட்டில் இல்லாத பிரேக்கை அண்ணனின் வலது கால் மிதிக்கும். அவர் கால் பட்ட இடத்தில் மேட் தேய்ந்தே போய்விட்டது.

நான்காவது மாதத்தில் ஒரு காலை. கையை நீட்டினால் விரல் தெரியாத பனி. செங்குத்தான ஒரு வளைவின் நடுவில் காட்டு மாடு நின்றது. மிதித்தேன். எஞ்சின் நின்றுவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்ததும் ஜீப் ஒரு முழம் பின்னால் போய் நின்றது. பின்னால் பள்ளம். கொஞ்ச நேரத்தில் மாடு அதன் பாட்டுக்குப் போய்விட்டது. என்னால்தான் போக முடியவில்லை.

"அண்ணா, நீங்க வந்து எடுத்துருங்க" என்றார் ஸ்டெல்லாக்கா. "இந்தப் பனியில எந்தப் போலீசு பாக்கப் போவுது?"

"ஒரே ஒரு வளைவுதானே" என்றார் கிளார்க் சார், கண்ணைத் திறக்காமல்.

அண்ணன் ஸ்டியரிங்கைப் பார்த்தார். பந்தியில் இலை போட்டும் சோறு வராதவன் பார்ப்பானே, அப்படி. பிறகு இறங்கிப் போய்ப் பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு என் ஜன்னலுக்கு வந்தார். இரண்டு கையையும் ஸ்வெட்டர் பைக்குள் திணித்திருந்தார்.

"போலீசு பாக்காதுங்கக்கா. நான் பாக்கறனில்ல?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, வண்டி பின்னால போவாது. கல்லு நான் வெச்சது. கிளட்ச்சப் பாதி விடு. எஞ்சின் மொனகும், பயப்படாத. மொனகுச்சுன்னா ஹேண்ட் பிரேக்க எறக்கு."

முனகியது. எஞ்சினா நானா என்று இன்றுவரை தெரியவில்லை. பிரேக்கை இறக்கினேன். ஜீப் ஏறியது. அண்ணன் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, மூச்சு வாங்க நடந்து வந்து ஏறிக்கொண்டார். "நல்லா வந்துச்சு. செகண்டு போடு" என்றார், அவ்வளவுதான்.

ஆறு மாதம் முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்ததும் முன்கண்ணாடிக் காகிதத்தை அவரே தண்ணீர் தொட்டுக் கிழித்தார். மறுநாள் நான் பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தேன். ஓடுகிற வண்டியில் என் ஆயுளில் கண் மூடியதில்லை. அன்றைக்கு இரண்டாவது வளைவு எனக்கு நினைவில்லை.

விழித்தபோது ஊட்டி ஸ்டாண்டில் வெயில் ஏறியிருந்தது. என் வர்க்கிப் பெட்டிகளை அவரே கடை கடையாகப் போட்டுவிட்டு வந்திருந்தார். திரும்பும் ட்ரிப்புக்கு ஆட்கள் வந்து ஜீப்பைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரையும் ஏறவிடாமல் அண்ணன் கதவில் சாய்ந்து நின்று, விரலை உதட்டில் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"சத்தம் போடாதீங்க. டிரைவர் தூங்கறாருங்க."