ஹெட்மாஸ்டர் மடியில் ஒரு மண்சரிவு

பிறருக்கு வழிகாட்டும் ஆசை முதல் சம்பளத்தோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. குன்னூரில் சிவில் இன்ஜினியராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் வந்தது.

அம்மா கட்டபெட்டு பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். "பன்னெண்டாவது பிள்ளைங்ககிட்ட இன்ஜினியரிங் பத்தி வந்து பேசு கண்ணு. முக்கியமா பவித்ராவுக்காக. கணக்குல கெட்டிக்காரி, ஆனா இன்ஜினியரிங் தன்னால ஆவாதுன்னு பயப்படறா" என்றார்.

வெறுமனே பேசிவிட்டு வந்தால் நான் என்ன இன்ஜினியர்? பெரிய பிளாஸ்டிக் டப்பின் ஒரு பக்கத்தை வெட்டியெடுத்து, உள்ளே மண்ணைச் சரிவாகக் கொட்டி, தேயிலைக் கொழுந்துகளை நட்டு, வெட்டிய பக்கத்தில் சிமெண்டில் குட்டித் தடுப்புச்சுவர் கட்டினேன். சுவரில் வரிசையாக ஓட்டைகள். மண்ணில் இறங்கும் மழைத்தண்ணீர் அவற்றின் வழியே வெளியேறினால்தான் சுவர் நிற்கும். பஸ்ஸில் ஈரமண் ஒழுகாமல் இருக்க ஓட்டைகளைப் பஞ்சால் அடைத்தேன். (கண்டக்டர், "ஏனுங்க, எஸ்டேட்டுக்கும் டிக்கெட் வாங்கோணுமுங்க" என்றார்.)

வெள்ளை பேன்ட் போட்ட ஹெட்மாஸ்டர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். "இன்ஜினியருக்கு முதல் தகுதி கவனம்" என்று முழங்கிவிட்டு, அவர் முன்னால் மேஜையில் வைத்த டப்பில் தண்ணீர் ஊற்றினேன். ஓட்டைகளில் ஒரு சொட்டும் வரவில்லை. மழை போதவில்லை என்று நினைத்து இன்னொரு குடம் கவிழ்த்தேன். ஹெட்மாஸ்டர் ஆர்வமாகக் குனிந்தார்.

"எந்த மழைக்கும் அசையாதுங்க சார்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சுவர் சாய்ந்தது. மண், கொழுந்து, சேறு எல்லாம் அவர் மடிக்கு இறங்கின.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "நீங்க கட்டற பில்டிங் எங்கெங்க இருக்குதுங்கம்மா? அந்தப் பக்கம் போகாம இருக்கலாமுன்னுதான்."

ஹாலே சிரித்தது. அம்மா மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்த சுவரை எடுத்துப் பார்த்தேன். ஓட்டைகளில் பஞ்சு!

வேறு வழியில்லை. "எடுக்க மறந்துட்டேன். தண்ணி போக வழியில்லாம பின்னால தேங்கிச் சுவத்தைத் தள்ளிடுச்சு" என்று உண்மையைச் சொல்லி, பஞ்சைப் பிடுங்கி, சுவரை நிறுத்தி, மறுபடி மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினேன். ஓட்டைகள் சொட்டின, சுவர் நின்றது. பிள்ளைகள் டப்பைச் சுற்றி மொய்த்துவிட்டார்கள். ஒருத்தன், "எங்க ஊட்டுப் பின்னால இருக்கற சுவத்துல ஓட்டையே இல்லீங்களே அக்கா?" என்று கவலைப்பட்டான். (ஹெட்மாஸ்டர் அதற்குள் கடைசி வரிசைக்குப் போயிருந்தார்.)

மறுவாரம் பவித்ரா, சிவில் இன்ஜினியரிங் படிக்கப் போவதாக அம்மாவிடம் சொன்னாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அக்கா பேச்சு அவ்வளவு பிடிச்சுதா?"

"பேச்சு இல்லீங்க மிஸ். அந்த அக்காவுக்கே வேலை குடுத்திருக்காங்கன்னா, எனக்குக் குடுக்க மாட்டாங்களா?"

பவித்ரா இப்போது கோயமுத்தூரில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். போன மாதம் என் தம்பி இன்டர்வியூவுக்குக் கிளம்பும்போது வெடவெடத்தான். அம்மா அவன் நெற்றியில் திருநீறு பூசி, "பயப்படாத சாமி, உங்கக்காவுக்கே குடுத்தாங்க" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அவன் சிரித்துக்கொண்டே போனான். வேலையும் கிடைத்துவிட்டது.