ஷோகேஸுக்குப் போட்ட பந்தயம்

எங்கள் வீட்டு ஷோகேஸை என் மனைவி சித்ராதேவியிடமிருந்து எப்படியும் கைப்பற்றிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே முடிவெடுத்தேன்.

நான் பழனிமுத்து. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை நூல் பிசகாமல் வெட்டுவேன். ஞாயிறானால் பக்கத்து வீட்டுப் பட்டன் கடைக்காரர் பசீர் அகமது பாயோடு காங்கேயம் தாண்டிப் போய், எப்போதோ கைவிட்டுப்போன பழைய சுரங்கக் குழியில் இறங்கிப் படிகக் கல் தேடுவேன். பாஸ்பேட் கனிமம். அபடைட் என்று பெயர். ஆறு பட்டையாக, கண்ணாடி மாதிரி, இளம் பச்சையில் இருக்கும். இருக்கும் என்று பாய்தான் சொல்கிறார். எனக்குக் கிடைத்ததெல்லாம் முனை உடைந்த துண்டுகள்.

அவை ஜன்னல் திட்டிலும் டிவி மேலும் சோபாவிலும் கிடந்தன. ஷோகேஸில் அவளுடைய அனுப்பர்பாளையத்துப் பித்தளைச் சாமான்கள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. ஒருநாள் மெல்ல இடம் கேட்டேன்.

"சித்ரா, இது அபடைட்."

"அப்படியேதானுங்க கெடக்குது. ஒரு மாசமா, சோபாவுல."

நம் பல்லில் இருப்பதும் இதே பாஸ்பேட்தான் என்று விளக்கினேன். பல்லை எல்லாரும் வாய்க்குள்ளேதான் வைத்துக்கொள்கிறார்கள், வீடெல்லாம் பரப்பி வைப்பதில்லை என்றாள்.

அதனால்தான் பந்தயம். நீயும் குழிக்கு வா, யார் நல்ல கல் கொண்டு வருகிறோமோ அவர்களுக்கே ஷோகேஸ், பாய் தீர்ப்புச் சொல்லட்டும் என்றேன். கொஞ்சம் யோசித்தாள். தோற்றவர் இனி ஞாயிற்றுக்கிழமைச் சமையலைப் பார்க்க வேண்டும் என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒத்துக்கொண்டேன். கல்லுக்கும் கற்கண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவளிடம் ஜெயிக்கப்போகிறோமே என்று பாவமாகக்கூட இருந்தது.

நான் சுத்தியலோடு குழிக்குள் இறங்கினேன். அவள் டிபன் கேரியரோடு வேலாமரத்து நிழலில் உட்கார்ந்தாள். நடுவில் எட்டிப் பார்த்தேன். ஆடு மேய்க்க வந்த சின்னாத்தாள் என்ற வயதான அம்மாவிடம், மகளை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். பேச்சு ஆரம்பித்துவிட்டது, இனி இவளாவது கல் தேடுவதாவது என்று நிம்மதியாக வெட்டினேன்.

கைத்தோல் உரிந்தது. விரல் நகமளவுக்கு, முனை உடையாத ஒரு கல் கிடைத்தது. என் வாழ்நாள் சாதனை. பசியோடு மேலே ஏறி வந்தேன்.

கேரியர் காலி. அவள் உள்ளங்கையில் கட்டைவிரல் தடிமனில், ஆறு பட்டையும் தேயாமல், வெயில் ஊடுருவிப் போகிற ஒரு பச்சைப் படிகம். ஆடு மேய்க்கிறபோது பளபளவென்று கண்ணில் பட்டதாம். சின்னாத்தாள் அதைச் சுருக்குப் பையில் வெற்றிலை பாக்கோடு போட்டு வைத்திருந்தாராம்.

"என் சோறு எங்க?"

"அந்தம்மாவுக்குப் புளிச்சோறு ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க. கல்லைக் குடுத்துட்டாங்க."

"நீ தோண்டவே இல்லையே. இது போங்கு."

"கொண்டு வரோணும்னுதானுங்க சொன்னீங்க. தோண்டோணும்னு சொல்லலீங்களே."

ஊர் திரும்பியதும் பாய் அந்தக் கல்லை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் என் வழக்கை எடுத்துச் சொன்னேன். மியூசியத்துக்காரர்களும் பல கல்லை வாங்கித்தான் வைக்கிறார்கள் மாஸ்டர் என்று சொல்லி, ஷோகேஸைத் தங்கச்சிக்கே கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அவளே பித்தளையை ஓரமாக நகர்த்தினாள். நடுவில் தன் கல்லை வைத்தாள். பிறகு சோபாவில் கிடந்த என் உடைந்த துண்டுகளையெல்லாம் கழுவித் துடைத்து அதைச் சுற்றி அடுக்கினாள். தோற்றதுகூட நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவளும் பாய் மனைவி நூர்ஜானும் சோற்றுப் பொட்டலங்களோடு பஸ் ஏறினார்கள். நானும் கல்லுக்கு வருகிறேனே என்றேன்.

"கல்லு அடுப்பு மேல இருக்குதுங்க. எண்ணெய் தடவி வையுங்க. வந்ததும் தோசை ஊத்திக்கலாம்."

உண்மையைச் சொன்னால், அடுப்படியும் எனக்குப் பிடித்துத்தான் போனது. துணி மாதிரிதான் காய்கறியும். அளவு பார்த்து வெட்டினால் போதும்.

விஷயம் பரவி, கோயமுத்தூரிலிருந்து கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஷோகேஸைப் பார்க்க வந்தார். கேமரா வைத்த புது செல்போனில் கல்லையும் அவளையும் படம் எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, சாரும் கல் சேகரிப்பவரா என்று மரியாதையாகக் கேட்டார்.

நான் சட்டைக் காலரைச் சரிசெய்தேன்.

"இல்லீங்க," என்றாள் சித்ராதேவி. "அவரு ரசம் நல்லா வைப்பாருங்க."