வீட்டில்தான் இருக்கிறோம்

கேமரன் மலைக்குப் போகும் பேருந்து யோங் பெங் ஊரைத் தாண்டுவதற்குள், மனைவி, மகள் இருவரின் கைப்பேசிகளையும் பிடுங்கி அணைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார் மதிவாணன்.

"ஒரே ஒரு படம்பா," என்றாள் மகள் லோஷினி.

"ஒன்னும் வேணாம். எதிர்வீட்டு மனோகரன் ஏர்போர்ட்ல நின்னு படம் போட்டான். திரும்பி வந்து பாத்தா வீட்ல டிவிகூட இல்ல. ஒன் நகை வீட்ல இருக்கு, ஞாபகம் இருக்கா?"

அடுத்த மாதம் லோஷினிக்குக் கல்யாணம். அவளுக்குச் சேர்த்த நகை முழுவதும் மாசாயிலுள்ள வீட்டில், அரிசி டப்பாவுக்குள் புதைந்திருந்தது. திருடன் அரிசியில் கை வைக்க மாட்டான் என்பது மதிவாணனின் சொந்தக் கண்டுபிடிப்பு. காரை வாசலிலேயே விட்டு, செருப்புகளைக் கதவோரம் பரப்பி, வானொலியைப் பாடவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். அதுவும் போதாதென்று பழைய படமொன்றை முகநூலில் போட்டார். 'வீட்டில் ஓய்வு. மூன்று நாள் எங்கும் போவதாக இல்லை.'

உடனே பண்டார் தெங்காராவிலிருந்து பதில் வந்தது. மனைவியின் அண்ணன் மகன் ரூபேந்திரன். 'நல்லதா போச்சு மாமா! நாங்க இன்னிக்கே வர்றோம்.'

"உண்மையச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி புஷ்பவள்ளி.

"அவன்கிட்டயா? ரொட்டி சானாய் தின்னாலே லைவ் போடுற ஆளு அவன்!"

மதிவாணன் அவசரமாக எழுதினார். 'கடுமையான காய்ச்சல். யாரும் வர வேண்டாம்.'

காய்ச்சல் என்று கேட்டுவிட்டு நம் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 'ஹார்லிக்ஸ் வாங்கிட்டேன் மாமா, கிளம்பிட்டோம்' என்று ரூபேந்திரன் எழுதினான்.

மதிவாணனுக்குப் பேருந்தின் ஏர்கோன் குளிரிலும் வியர்த்தது. பயந்து விலகட்டும் என்று, 'டிங்கிக் கொசுக்காய்ச்சலாக இருக்கலாம்' என்பதையும் சேர்த்தார்.

கைப்பேசி அலறியது. எடுத்தால் பேருந்துச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். துண்டித்தார். மறுபடி அலறியது. பன்னிரண்டாவது தடவை அணைத்தே வைத்துவிட்டார்.

"அலமாக், ஏன்பா ஆஃப் பண்றீங்க? அவங்க பயந்துடுவாங்க லா!"

"பேசாம இரு. யாரும் தொறக்கலன்னா தானா திரும்பிப் போயிடுவான்."

வாய்தான் அப்படிச் சொன்னது. கண் அணைத்துவைத்த கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று மணி நேரம் கழித்துப் பேருந்து ஓய்வுத்தலத்தில் நின்றபோது அவரால் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்க முடியவில்லை. பொறுக்கமாட்டாமல் கைப்பேசியை உயிர்ப்பித்தார். அந்த நொடியே அழைப்பு வந்தது.

"மாமா! உயிரோட இருக்கீங்களா?" ரூபேந்திரன் கிட்டத்தட்ட அழுதான்.

"இருக்கேன்டா. என்னடா ஆச்சு?"

"கார் நிக்குது, செருப்பு கெடக்கு, ரேடியோ பாடுது, கூப்பிட்டா பதில் இல்ல. மயங்கி விழுந்துட்டீங்கன்னு வாசல் கிரில் கதவ அறுத்து உள்ள போனோம். ஆளக் காணோம். சரி, ஆஸ்பத்திரியில சேத்திருப்பாங்க, கஞ்சி வச்சு எடுத்துட்டுப் போலாம்னு..."

"கஞ்சியா?" மதிவாணனின் குரல் உடைந்தது. "எந்த அரிசியிலடா?"

"ஒங்க டப்பா அரிசிலதான் மாமா. கவலப்படாதீங்க, நாங்க ஒங்களத் தேடி ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். வீட்ல யாரும் இல்ல, கிரில் தொறந்து கெடக்கு, அரிசி டப்பாவுல நகை இருக்கு, பக்கத்துல உள்ளவங்க கொஞ்சம் பாத்துக்குங்கன்னு அட்ரஸோட லைவ் போட்டுட்டேன்!"