ஒரு கஜத்தில் வீசிய பந்து

ஆர்வில் ஸ்டீகல் தன் பிக்கப் வண்டியை டோனட் கடையின் பக்கவாட்டு ஜன்னலுக்கு நேராக நிறுத்திவிட்டுத் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார். உள்ளே போய் உட்கார்ந்து காபி குடிக்கும் தைரியம் அந்தத் திங்கட்கிழமை காலையில் அவருக்கு இல்லை. டோலன் ஊரில் பாதி உள்ளேதான் உட்கார்ந்திருந்தது.

காரணம், சனிக்கிழமை நடந்த டெக்சாஸ் மாநிலப் பள்ளிகளின் அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டம்; பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ வீசியோ எல்லைக்கோட்டைத் தாண்டும் ஆட்டம். டோலன் பள்ளி நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. எல்லைக்கோட்டுக்கு ஒரே ஒரு கஜம் பாக்கி. நேரமும் அநேகமாக முடிந்துவிட்டது. பந்தை ஓட்டக்காரன் ரெனே கசாரெஸ் கையில் திணித்து ஓடச் சொல்லியிருந்தால் போதும். அவன் தடுக்கி விழுந்திருந்தாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் விழுந்திருப்பான். பாப்கார்ன் விற்றவனுக்குக்கூட இது தெரிந்திருந்தது. பயிற்சியாளர் ஆர்வில் மட்டும் வேறு மாதிரி யோசித்தார். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிப் பையன்களைத் தன்னைச் சுற்றி நிற்க வைத்தார். பந்தை வீசச் சொன்னார்.

வீசினார்கள். எதிரணிக்காரன் ஒருவன் தனக்கென்றே எறிந்ததுபோல அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான்.

ஜன்னல் திறந்தது. கடைக்காரி சொத்தீ எட்டிப் பார்த்தாள்.

"வாங்க கோச். வழக்கமான காபிதானே?"

"ஆமாம்மா. சீக்கிரம்."

அவள் கோப்பையைப் பாதி தூரம் நீட்டிவிட்டு நிறுத்தினாள். "இதைக் கையில குடுக்கவா, இல்ல தூக்கி வீசட்டுமா?"

உள்ளே சிரிப்பு வெடித்தது. கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போயிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஆர்விலுக்குக் காது மடல் இரண்டும் சுட்டது.

"சிரிக்காத சொத்தீ. முன்வரிசைப் பசங்களுக்கு மூச்சே இல்ல. இடிச்சுத் தள்ளத் தெம்பு இல்லாம நின்னாங்க. அதான் வீசச் சொன்னேன்."

அது பொய். டோனட் ஜன்னலில் சொன்ன பொய் டோலனில் பருத்தி ஆலைவரை போய்ச்சேர அதிக நேரம் பிடிக்காது.

பள்ளியில் தன் அறைக் கதவை அவர் சாத்துவதற்குள் பர்ல் டூலி உள்ளே வந்துவிட்டார். பருத்தி ஆலைக்காரர். அவருடைய மகன்தான் முன்வரிசையின் நடுவில் நிற்பவன். அப்பாவும் மகனும் சேர்ந்து நின்றால் கதவு தேவையில்லை.

"என் பையனுக்குத் தெம்பு இல்லையாமே?"

"யார் சொன்னது?"

"நீங்கதான் சொன்னீங்களாம். காலையில எட்டு முட்டை திங்கிறான்யா அவன்! வெளிய வாங்க. உங்க வண்டியை உங்களோட சேர்த்துத் தூக்கிக் காட்டச் சொல்றேன்."

"பர்ல், உட்காருங்க. உங்க பையன் பாறை. விஷயம் வேற." ஆர்வில் குரலைத் தாழ்த்தினார். "ரெனேவுக்குக் கணுக்கால்ல சுளுக்கு. பாவம், வெளிய தெரிய வேண்டாம்னுதான் இப்படிச் சொன்னேன்."

பர்லின் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க! நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன் கோச்."

பள்ளி வாசலில் நின்ற தன் வண்டியை அடையும்வரை அவர் அந்த வாக்கைக் காப்பாற்றினார்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்வா கசாரெஸ் வந்தாள். ரெனேவின் அம்மா, ஊர் மருத்துவமனையில் நர்ஸ். வேலை உடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள்.

"சுளுக்குன காலோட என் புள்ளையை ஆட்டம் பூரா ஓடவிட்டீங்களா?"

"இல்ல எல்வா, அது..."

"எந்தக் கால்?"

ஆர்வில் யோசித்தார். "இடது."

"ரெண்டு காலையும் அழுத்திப் பாத்துட்டுத்தான் வர்றேன். இடதும் நல்லாருக்கு, வலதும் நல்லாருக்கு. உங்க நாக்குலதான் சுளுக்கு."

அவள் போகாமல் நின்றாள். பதில் இல்லாமல் போகவும் மாட்டாள் என்று தெரிந்தது. ஆர்வில் கடைசியாகத் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டுக் கூசிப்போனார்.

"கோல்பிதான் கேட்டான். 'நான் வீசுறேன் கோச், ஒரு வாய்ப்புக் குடுங்க'ன்னு கெஞ்சினான். சின்னப் பையன், மனசு கேட்கல."

பந்தை வீசிய பையன் கோல்பி ராட்கே. பதினேழு வயது. தோற்றதும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸின் கடைசி இருக்கையில் அழுதுகொண்டே வந்தவன்.

எல்வா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஹார்லன் ராட்கே மகன்தானே? சாயங்காலம் பசங்களுக்குப் பள்ளியில வெச்சிருக்கற விருந்துல அவரையே கேட்டுடறேன்."

பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவர் ஹார்லன் ராட்கே. அடுத்த வருடம் ஆர்விலுக்கு வேலை உண்டா இல்லையா என்று மறுநாள் முடிவு செய்யப்போகிறவரும் அவரேதான்.

வீட்டில் மனைவி லுவான் அவருடைய சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கோல்பி கெஞ்சினானா?"

"அதுக்குள்ள யாரு சொன்னா?"

"யாரு சொல்லலன்னு கேளுங்க. மூணு பேரு ஃபோன் பண்ணிட்டாங்க."

ஆர்வில் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினார். "நான் விருந்துக்கு வரல. காய்ச்சல்னு சொல்லிடு."

"சொல்றேன். நர்ஸம்மா வந்து தொட்டுப் பாக்கட்டும்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "ஒரே ஒரு தப்பு லுவான்! மத்த ஆட்டமெல்லாம் ஜெயிச்சது யாரால? கோட்டுக்கு வெளிய நின்னு மூக்கைத் தொட்டு, தோளைத் தட்டி, தொடையில ரெண்டு அடி அடிச்சு, ஒவ்வொரு தடவையும் என்ன ஆடணும்னு சைகை காட்டினது யாரு?"

"நீங்கதான். ஆனா ஆட்டத்தை எங்க பாத்தீங்க? சைகை காட்டின கையோட, ஆட்டத் திட்டம் எழுதின அட்டையில அடுத்தது என்னன்னு தேட ஆரம்பிச்சுடுவீங்க. ஜனங்க கத்தினாத்தான் நிமிர்வீங்க."

"கத்தினாங்கல்ல? ஜெயிச்சோம்னு அர்த்தம்."

லுவான் சட்டையை அவர் மடியில் போட்டாள். "அப்போ தோத்ததுக்கும் நீங்கதானே? அதைச் சொல்றதுக்கு எதுக்கு ஊர்ப் பிள்ளைங்க பேரெல்லாம்?"

ஆர்வில் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் பச்சை, மஞ்சள் காகிதத் தோரணம் கட்டியிருந்தார்கள். ஜெயிக்கப்போகிறோம் என்று நம்பிக் கட்டியது, யாரும் அவிழ்க்கவில்லை. புகையில் வாட்டிய மாட்டிறைச்சி மணம் கூடம் முழுவதும் இருந்தது. ஆர்வில் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. ஒரு மேசையிலிருந்து டூலி குடும்பம் பார்த்தது. அடுத்த மேசையிலிருந்து கசாரெஸ் குடும்பம் பார்த்தது. அவர் தன் காலணியைப் பார்த்தார்.

ஹார்லன் ராட்கே எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றார். கத்தவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"கோச், ஒண்ணே ஒண்ணு. என் பையன் கெஞ்சினான்னு நீங்க சொல்றீங்க. அவன் இல்லேங்கறான். என் வீட்ல பொய் சொன்னா சாப்பாடு கிடையாது. அதான் அப்படி உக்காந்திருக்கான்."

பையன்களின் மேசையில் கோல்பி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் மட்டும் தட்டு இல்லை.

ஆர்வில் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். வண்டியில் ஏறி அப்படியே அடுத்த மாநிலத்துக்குப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். ஆனால் கால்கள் மைக் பக்கம்தான் போயின. மைக் ஒருமுறை கீச்சிட்டது. அவர் தொண்டையைச் செருமினார்.

"முன்வரிசைக்கு மூச்சு இருந்தது. ரெனேவுக்குக் காலும் நல்லா இருந்தது. கோல்பி எங்கிட்ட எதுவும் கேட்கல. காலையிலேர்ந்து நான் சொன்னதெல்லாம் பொய்."

கூடத்தில் ஒரு கரண்டி விழும் சத்தம் கேட்டது.

"எல்லாரும் ஓட்டத்தை எதிர்பார்ப்பாங்க, நாம வீசினா பெரிய மூளைக்காரன்னு பேர் வரும்னு நினைச்சேன். அவ்வளவுதான். இந்த வருஷம் இவங்க ஆடினது ஒவ்வொண்ணும் நான் சொல்லி ஆடினது. ஜெயிச்சப்ப மாலை வாங்கிக்கிட்டேன். தோத்தப்ப மட்டும் பசங்க தலையில கட்டப் பாத்தேன். வெக்கமா இருக்கு. மன்னிச்சுடுங்க. பழி பூரா என்னோடது. பசங்க பாவம், சொன்னதைச் செஞ்சாங்க."

பையன்கள் மேசையில் இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் புரையேறியது. ரெனே குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினான்.

முதலில் கைதட்டியது பர்ல் டூலி. பிறகு எல்வா தட்டினாள். பிறகு கூடமே தட்டியது. ஹார்லன் நேராகப் போய் ஒரு தட்டில் இறைச்சியை மலைபோல் அடுக்கி மகன் முன்னால் வைத்தார். அவன் தோளை ஒருமுறை அழுத்தினார். பிறகு ஆர்விலிடம் வந்து கையை நீட்டினார்.

"ஒத்துக்கிற ஆளை வெளிய அனுப்ப எனக்கு மனசு வராது கோச். எல்லா முடிவும் உங்களோடதுன்னா, எல்லா ஜெயமும் உங்களோடதுதான். வர்ற வருஷமும் நீங்கதான்."

ஆர்விலுக்குக் கண் கலங்கியது. இரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. காலியாக இருந்த ஒரு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். பக்கத்தில் டூலியின் மகன் மூன்றாவது தட்டைக் காலி செய்துகொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, தன் பெரிய கையை ஆதரவாக அவர் முதுகில் வைத்துக் காதருகே குனிந்தான்.

"மனசுல வெச்சுக்காதீங்க கோச். உங்க சைகை ஒருத்தனுக்கும் புரியாம வருஷம் பூரா நாங்களே பேசிப் பேசித்தான் ஆடினோம். அன்னைக்கு நேர்ல கூப்பிட்டு வாயால சொல்லிட்டீங்களேன்னு, மரியாதைக்கு ஒரே ஒரு தடவை கேட்டுத் தொலைச்சோம்."