உப்புமிளகு டாக்டர்

புனேயில் எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த அத்தனை பேரையும் ஒரே கட்சியில் சேர்த்த பெருமை உப்புமிளகு டாக்டருக்கு மட்டுமே உண்டு. அவரைப் பிடிக்காதவர்கள் கட்சி அது. முதலாளி முதல் லிஃப்ட்காரர் வரை அதில் உறுப்பினர்கள். கட்சி வளர டாக்டரும் ஓயாமல் உழைத்தார்.

தொண்ணூறுகளின் நடுவில், நிக்டியிலிருந்து பஸ் ஏறி வந்து அவருடைய லேபில் ரிப்போர்ட் டைப் செய்வது என் வேலை. நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புற்றுநோயா இல்லையா என்று சொல்வது அவர் வேலை. சொல்வார், தனக்குத் திருப்தியான பிறகு. ரிப்போர்ட் எங்கே என்று மாடியிலிருந்து போன் வந்தால், அந்தக் கட்டி உள்ளே வளர எத்தனை வருஷம் எடுத்துக்கொண்டது என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

நுரையீரலில் வரும் கார்சினாய்டு என்ற கட்டியில் அவருக்குத் தனி ஈடுபாடு. மெதுவாக வளரும் கட்டி அது. வெட்டியெடுத்துவிட்டால் பெரும்பாலும் ஆள் பிழைத்துக்கொள்வார். அதன் செல்களின் உட்கரு, உப்பும் மிளகும் தூவியதுபோலப் புள்ளிபுள்ளியாக இருக்கும். அப்படி ஒரு ஸ்லைடு கிடைத்தால் ஃபேன் ரிப்பேருக்கு வந்தவரைக்கூட ஏணியிலிருந்து இறக்கிப் பார்க்க வைப்பார். பட்டப்பெயர் வந்த வழி அதுதான். ஒருமுறை டீ கொண்டுவந்த கேன்டீன்காரர் மாட்டிக்கொண்டார். ஒரு கண்ணை மூடி வெகுநேரம் பார்த்துவிட்டு, "மீட் கமி ஆஹே, சாஹேப்" என்றார். உப்பு குறைச்சலாம். அந்த வாரம் முழுக்க டாக்டர் யாரையும் திட்டவில்லை.

ஔந்தில் ஒரு பள்ளி ஆசிரியை. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆஸ்துமா என்று வருஷக்கணக்கில் மருந்து சாப்பிட்டு, கடைசியில் இருமலில் ரத்தம் வந்தது. வேறொரு லேபில் துண்டைப் பார்த்துவிட்டு, சில மாதங்களில் ஆளை முடித்துவிடும் ரகப் புற்றுநோய் என்று எழுதிவிட்டார்கள். அந்த ரகத்துக்கு ஆபரேஷன் கிடையாது, கடுமையான மருந்துதான். எங்கள் புற்றுநோய் டாக்டர் அதற்கு நாளும் குறித்துவிட்டார். மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கணவர் அவரிடம் கெஞ்சியதால் ஸ்லைடு எங்கள் லேபுக்கு வந்தது.

டாக்டர் காலையில் குனிந்தவர் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் நிமிர்ந்தார். "ஏம்மா, இங்க வந்து பாரு. இடுக்கியால பிச்சு எடுக்கும்போது நசுக்கிட்டானுவ. நசுங்கின செல்லு எல்லாமே கறுப்பாத்தான் தெரியும்" என்றார். ஸ்லைடின் ஓரத்தில் மட்டும் ஒரு சிறு இடம் தப்பியிருந்தது. அங்கே ஒரே அளவில் உருண்டைச் செல்கள் கூடுகூடாக, நாடாநாடாக அமைந்திருந்தன. நடுநடுவே மெல்லிய ரத்தக்குழாய்கள். உட்கருவில் அதே புள்ளிகள். கெட்ட ரகமாக இருந்தால் செல்கள் கூட்டம்கூட்டமாகப் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும், இடையிடையே செத்துக் கிடக்கும். இங்கே பிரிகிற செல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. செத்த இடமே இல்லை.

மாடிக்குப் போனார். நோயாளிகள் உட்கார்ந்திருக்கும்போதே கதவைத் தள்ளிக்கொண்டு புற்றுநோய் டாக்டரின் அறைக்குள் நுழைந்து, மருந்தை நிறுத்தச் சொன்னார். சத்தம் கீழே எனக்குக் கேட்டது. வேறு வழியில்லாமல் மறுபடி ஒரு துண்டு எடுத்தார்கள். இந்த முறை நசுக்காமல். கார்சினாய்டேதான். நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டியெடுத்தார்கள். ஆசிரியை பிழைத்தார்.

நிர்வாகம் டாக்டரைக் கூப்பிட்டது. நோயாளிகள் முன்னால் கத்தியதற்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்கச் சொன்னது.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அந்தக் கணவர் இரண்டு பால்பேடா டப்பாக்களோடு வந்தார். ஒன்று சர்ஜனுக்கு, ஒன்று புற்றுநோய் டாக்டருக்கு. லேபில் பார்த்துச் சொன்னது யார் என்பதே அவருக்குத் தெரியாது. ஆசிரியை மெல்ல நடந்து எங்கள் வராந்தாவைத் தாண்டிப் போனார். டாக்டர் டீ கிளாஸோடு சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போய்ச் சொல்லட்டுங்களா சார்?" என்றேன்.

"எதுக்கு? இத்தன நாளா உள்ளாறதான் பாத்தேன். மொகத்தை இப்பத்தானம்மா பாக்கேன்" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

புது நூற்றாண்டு பிறந்ததும் நிர்வாகம் விழித்துக்கொண்டது. துண்டுகளை வெளியே ஒரு பெரிய லேபுக்கு அனுப்பினால் மறுநாளே ரிப்போர்ட், சண்டையும் கிடையாது. டாக்டரின் அறை பில் கட்டும் கவுன்ட்டர் ஆனது. பிரிவு உபசாரம் என்று ஒன்று நடந்தது. நாலு சமோசா, புற்றுநோய் டாக்டரின் பாராட்டுரை. டாக்டர் அதற்குப் போகவில்லை. கட்சிக்காரர்கள் சமோசாவைச் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

அவர் ஊருக்கு வண்டி ஏறிய அன்று புனே ஸ்டேஷனுக்குப் போனவள் நான் ஒருத்திதான். "வேலை நேரத்துல இங்க என்ன சோலி ஒனக்கு?" என்று ஜன்னல் வழியாகத் திட்ட ஆரம்பித்தவர், வண்டி நகரும்வரை நிறுத்தவில்லை. அந்த வண்டி எப்போதும் தாமதம்தான். அன்றைக்கு என்று பார்த்து நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. இன்னும் கொஞ்சம் திட்டு வாங்கியிருப்பேன்.